கல்யாண வீட்டில் தேநீர் விருந்து

நல்லதண்ணி என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே தாகம் தணிந்தாற்போல் இருக்கும். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக, மவுசாகலை நீர்த்தேக்கத்தின் கரையைச் சுற்றிக்கொண்டு செல்லும் பாதை முடிவடையும் இடத்தில், சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில் இருக்கிறது அவ்வூர். டிசம்பர் மாதப் பூரணை முதல் மே மாதத்து வெசாக் பூரணை வரையில் அங்கே இரவும் பகலும் ஒன்றுதான். 2243 மீற்றர் உயரமுள்ள அம்மலையின் உச்சிக்கு நள்ளிரவில் ஏறத் தொடங்குகிறவர்கள், சூரியோதயத்தைத் தரிசித்துவிட்டுக் காலையில் இறங்கி வருகிறார்கள். கால் நடுங்க, பல் கிட்டிப்போக, ஆயிரக்கணக்கான படிகளைக் கடந்து வரும் யாத்திரிகனை முதலில் வரவேற்பது எது? ஆவி பறக்கும் ஒரு கோப்பைத் தேத்தண்ணிதான். அதை வாங்கி இரு கைகளாலும் பற்றிக்கொள்ளும்போது அவன் முகத்தில் தோன்றும் நிறைவைப் பதினாறு வகைக் கறிகளோடு உண்டு எழுந்தவன் முகத்திலும் காண்பது அரிது.

அதே ஊரில், அதே தேயிலை மலையில், ஒரு கல்யாணம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெண்ணைப் பெற்றவர், “சாப்பாடு வேண்டாம், மாலையில் எல்லோருக்கும் நல்ல தேநீரும் பலகாரமும் கொடுத்து அனுப்பலாம்” என்கிறார். உடனே எத்தனை குரல்கள் எழும்! “ஒருவாய்ச் சோறு போட வக்கில்லையா?” என்று கேட்பார் ஒருவர். “வெறுந் தேத்தண்ணிக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்பார் மற்றொருவர். “ஊர் என்ன சொல்லும், மச்சான்?” என்று காதோடு காதாகக் கவலைப்படுவார் தாய்மாமன். யாத்திரிகனுக்கு அமிர்தமாய் இருந்தது விருந்தாளிக்கு மட்டும் அவமதிப்பாய் ஆவதேன்? இதைச் சற்றே ஆராய்ந்து பார்ப்பது நம் குடும்பங்களுக்கு நன்மை பயக்கும் என்று கருதுகிறோம்.

கடன் என்னும் பழைய விருந்தாளி

மலைநாட்டுத் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கல்யாணக் கடன் புதிதன்று. தமிழகத்திலிருந்து அவர்களை அழைத்துவந்த பெரிய கங்காணியே அக்காலத்தில் வட்டிக்காரரும் ஆவார். வழிச்செலவுக்குக் கொடுத்த முன்பணத்தில் தொடங்கிய கணக்கு, அரிசிக்கு, துணிக்கு, திருவிழாவுக்கு, கல்யாணத்துக்கு, கருமாதிக்கு என்று வளர்ந்துகொண்டே போகும். ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குப் போக விரும்பியவன் ‘துண்டு’ பெற்றாக வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இவனை விடுவிப்போம் என்பதற்கான சீட்டு அது. ஆளோடு சேர்ந்து கடனும் தோட்டம் மாறிற்று. இம்முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டு போயிற்று, கல்யாணத்துக்குக் கடன் வாங்கும் வழக்கமோ போகவில்லை. கங்காணியின் இடத்தில் இன்று அடகுக் கடையும், வாரந்தோறும் தவணை வாங்க வரும் கடன் நிறுவனங்களும் வந்து நிற்கின்றன.

கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய் ஆயிற்று. 2024இல் 1350 ரூபாய் ஆக்கப்பட்டது. இந்த 1350 ரூபாயையே எடுத்துக்கொண்டு, கணவனும் மனைவியும் மாதத்தில் 25 நாட்கள் முழுப் பெயர் வாங்குகிறார்கள் என்று கொண்டால், இருவருக்குமாக 67,500 ரூபாய் வரும். சேமலாப நிதிக்கான பிடிப்பையும், மழையாலும் நோயாலும் இழக்கும் நாட்களையும் நாம் கழிக்கவில்லை. இனி, முந்நூறு பேருக்குக் கல்யாணச் சாப்பாடு. ஓர் இலைக்கு ஆயிரம் ரூபாய் என்று கணக்கிட்டாலும் மூன்று இலட்சம் ரூபாய் ஆகும். அதாவது, இரண்டு பேர் நான்கு மாதங்களுக்கு மேல் மலையேறிப் பாடுபட்டு, ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தால்தான் ஒரு வேளைப் பந்திக்குக் காணும். தாலிக்கும் கூறைக்கும் பந்தலுக்கும் வேறு வழி தேட வேண்டும். புதுமணத் தம்பதிகள் குடித்தனத்தைத் தொடங்குவது கடனோடுதான் என்றால், அந்த விருந்தில் யார் வயிறு நிறைந்தது, யார் வயிறு எரிந்தது என்று சொல்லவும் வேண்டுமோ?

அரை நாள் கொழுந்து

இப்பொழுது தேநீரின் கணக்கைப் பாருங்கள். ஒரு கோப்பைக்கு இரண்டரைக் கிராம் தேயிலை தாராளமாகப் போதும். முந்நூறு பேருக்கு ஆளுக்கு இரண்டு கோப்பை என்றால் அறுநூறு கோப்பை; அதற்கு ஒன்றரைக் கிலோ தேயிலை. ஒரு கிலோ தேயிலை செய்வதற்கு நாலரை முதல் ஐந்து கிலோ வரை பச்சைக் கொழுந்து வேண்டும் ஆதலால், ஒன்றரைக் கிலோவுக்கு ஏறத்தாழ ஏழு கிலோ கொழுந்து. பல தோட்டங்களில் ஒரு பெண் நாளொன்றுக்குப் பதினாறு முதல் இருபது கிலோ வரை பறித்தால்தான் முழுச் சம்பளம் பெறுகிறாள். ஆகவே மணப்பெண்ணின் தாய் அரை நாளைக்குள் பறித்துவிடும் கொழுந்தைக்கொண்டு முந்நூறு விருந்தாளிகளுக்கு இருமுறை தேநீர் வழங்கிவிடலாம்!

இந்தக் கணக்கு நமக்கு ஒரு மகிழ்ச்சியையும் ஒரு வருத்தத்தையும் ஒருங்கே தருகிறது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்ட நாள் முதலாக, இலங்கைத் தேயிலை உலகின் வரவேற்பறைகளை எல்லாம் அலங்கரித்து வந்திருக்கிறது. நாட்டின் உற்பத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்றுமதியாகிறது. உயர்ந்த தரமெல்லாம் கப்பலேறிவிட, பறித்தவர் வீட்டு அடுப்பில் கொதிப்பது பெரும்பாலும் கடைத்தரமான தூளே. தான் கிள்ளிய கொழுந்தின் உண்மையான சுவையை வாழ்நாளில் ஒருமுறையேனும் அறியாத கைகள் எத்தனை! கல்யாண நாளிலாவது அந்தக் கைகள் தம் உறவினருக்கு முதல்தரமான தேநீரை ஊற்றிக் கொடுக்க வேண்டாமா? அப்படிக் கொடுத்தால் அது சோற்றுக்குப் பதிலாக வைத்த குறைவான பண்டம் ஆகாது. மலைநாடு தன் சொந்தச் செல்வத்தைக்கொண்டு செய்யும் உபசாரமே ஆகும்.

பிறர் கண்ட அனுபவம்

கல்யாணத்தைத் தேநீரோடு முடிப்பது உலகில் நடவாத காரியமன்று. நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் பலரும், கோவிலில் மணம் முடிந்தபின் கேக்கும் தேநீரும் வழங்கி விருந்தினரை அனுப்புவதைக் கண்டிருக்கிறோம். விவாகப் பதிவு நாளன்று தேநீர் உபசாரத்தோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கமும் நம்மிடையே உண்டு. தமிழகத்தில் 1928ஆம் ஆண்டு முதல் பெரியார் ஈ. வெ. ராமசாமி நடத்திவைத்த சுயமரியாதைத் திருமணங்கள், ஆடம்பரச் செலவைக் குறைப்பதையும் தம் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தன. மாலை மாற்றுதலும் வாழ்த்துரையும் கொண்ட அத்திருமணங்களுக்கு 1967ஆம் ஆண்டில் சி. என். அண்ணாதுரையின் ஆட்சியில் சட்ட மசோதா நிறைவேறிற்று.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது பிரித்தானியாவில் நடந்ததும் நினைக்கத்தக்கது. 1940ஆம் ஆண்டில் அங்கே சர்க்கரைப் பூச்சிட்ட கேக்குகள் தடை செய்யப்பட்டன. சிறிய கேக் ஒன்றை அட்டையால் செய்த பெரிய அலங்காரக் கூட்டுக்குள் மறைத்து வைத்து மணமக்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் தேயிலைக்கும் பங்கீடு வந்தது: ஆளொருவருக்கு வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ். பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த அப்பங்கீட்டில், கல்யாண வீட்டுக்காரர் ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்தால் தம் வீட்டுப் பங்கிலிருந்து கொடுத்தார் என்று பொருள். வந்தவர்கள் அதை நன்றியோடு அருந்தினார்கள். அந்தத் தேயிலையில் ஒரு பகுதி நம் மலைநாட்டுப் பெண்கள் பறித்தது. அவர்களோ, 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றுபோனதால், அளந்து கொடுத்த அரிசியைக் கொண்டு காலம் தள்ளினார்கள்.

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. 1997ஆம் ஆண்டில் பாகிஸ்தான் அரசு, திருமண மண்டபங்களிலும் ஹோட்டல்களிலும் கல்யாணச் சாப்பாடு போடுவதைச் சட்டத்தால் தடுத்து, சூடான அல்லது குளிர்ந்த பானங்களை மட்டுமே அனுமதித்தது. நோக்கம் நல்லதே, ஏழைப் பெற்றோர் கடனில் மூழ்கக் கூடாது என்பதுதான். ஆயினும் வசதி படைத்தோர் சட்டத்தைச் சுற்றிப்போக வழி கண்டார்கள். பிற்காலத்தில் பஞ்சாப் மாகாணத்தில் ஒரே ஒரு வகைக் கறியுடன் சாப்பாடு போடலாம் என்று விதி தளர்ந்தது. இதனால் நாம் பெறும் பாடம் யாது? விருந்தைச் சட்டத்தால் சுருக்குவது கடினம். ஊர் ஒப்பினால் எளிது. 2020, 2021 ஆண்டுகளில் கொரோனாத் தொற்றின் காரணமாக நம் நாட்டிலேயே விருந்தாளிகளின் தொகைக்கு வரம்பு விதிக்கப்பட்டபோது, எத்தனையோ கல்யாணங்கள் எளிமையாக நடந்தேறின. அம்மணமக்கள் இன்று யாருக்கும் குறைந்து வாழவில்லை.

மற்றொரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். கொழும்பின் பெரிய ஹோட்டல்களில் ‘ஹை டீ’ என்ற பெயரில் மாலைத் தேநீர் விருந்து நாகரிகத்தின் சின்னமாக விளங்குகிறது. அப்பெயரோ, பிரித்தானியாவின் ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் வேலை முடிந்து வீடு திரும்பியதும் தேநீரோடு உண்ட மாலை உணவைக் குறித்தது. சீமாட்டிகளின் பிற்பகல் தேநீர் வேறு. அது 1840ஆம் ஆண்டளவில் பெட்ஃபர்ட் சீமாட்டி அன்னாவால் வழக்கத்துக்கு வந்ததாகச் சொல்லப்படுகிறது. தொழிலாளியின் உணவுப் பெயர் செல்வர்க்கு அலங்காரமாயிருக்க, தேயிலைத் தொழிலாளி தேநீர் கொடுக்க வெட்கப்படுவது விந்தையல்லவா?

மறுபக்கத்து நியாயம்

சாப்பாடு வேண்டும் என்போர் சொல்வதெல்லாம் வீண் பெருமை என்று தள்ளிவிட நாம் ஆயத்தமாயில்லை. அவர்களிடத்திலும் நியாயம் இருக்கிறது. பசியை அறிந்த சமூகத்துக்குப் பந்தியின் அருமை தெரியும். 1974ஆம் ஆண்டில் உணவுத் தட்டுப்பாட்டால் தோட்டங்களில் மரணங்கள் பெருகியதை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வயிறாரச் சாப்பிடும் நாள் கல்யாண நாளும் திருவிழா நாளுமே என்று வாழ்ந்தவர்களுக்கு, இலையில் விழும் சோறு அன்பின் அளவுகோலாகத் தோன்றுவதில் வியப்பில்லை. மொய் எழுதும் வழக்கமும் உண்டு. நேற்று அவர் வீட்டில் நாம் உண்டோம். இன்று நம் வீட்டில் அவர் உண்ண வேண்டாமா என்னும் கேள்வி நேர்மையான கேள்வியே.

இதற்கு விடை, வேறுபாடு அறிந்து நடப்பதுதான். தூரத்திலிருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் வந்தவர்களுக்கும், முதியோருக்கும், பந்தலிலும் அடுப்படியிலும் உழைத்தவர்களுக்கும் வீட்டுச் சமையலாகச் சோறு போட்டே ஆக வேண்டும். அவர்கள் முப்பது நாற்பது பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். அடுத்த லயத்திலிருந்தும் அயல் தோட்டங்களிலிருந்தும் மாலையில் வாழ்த்த வருகிறவர்களுக்குத் தேநீர் விருந்து. மொய்யைப் பொறுத்தமட்டில், தோட்டத்துப் பெரியவர்கள் கூடி, இனி நம் தோட்டத்துக் கல்யாணங்களில் தேநீரே உபசாரம் என்று ஒருமித்து முடிவு செய்வார்களானால், கொடுக்கல் வாங்கலில் யாருக்கும் குறைவு நேராது. முதலில் செய்கிறவன்தான் ஏச்சுக் கேட்பான். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து செய்தால் அதுவே வழக்கமாகிவிடும். ஆகையால் கையில் சற்று வசதி உள்ளவர்களே முதலில் முன்வர வேண்டும். சோறு போட முடிந்தவர் தேநீரோடு நிறுத்தினால், முடியாதவருடைய தலை தானே நிமிரும்.

விருந்தோம்பலைப் பற்றி வள்ளுவர் ஓர் அதிகாரமே பாடினார். மோந்தால் வாடும் மலரைக் காட்டி, முகம் மாறி நோக்கினாலே விருந்தினர் வாடுவர் என்று அவ்வதிகாரத்தை முடித்தார். அதை அடுத்து அவர் வைத்த அதிகாரம் இனியவை கூறல். இலையில் என்ன இருந்தது என்பதைவிட, இடுகிறவர் முகமும் சொல்லும் எப்படி இருந்தன என்பதே அப்பெருமான் பார்த்த அளவு. கடன்காரன் வாசலில் நிற்கையில் எந்தத் தகப்பனுக்கு முகம் மலரும்?

தேநீருக்கு இன்னுமொரு சிறப்புண்டு. பந்தியில் யார் முதலில் உட்கார்வது, யாருக்கு எந்த வரிசை என்று எழுந்த சச்சரவுகளால் முறிந்த உறவுகளை நாம் அறிவோம். சாதியின் பெயரால் தனிப் பந்தி வைத்த கொடுமையையும் அறிவோம். தமிழகத்துத் தேநீர்க் கடைகளிலேயே ஒரு சாராருக்குத் தனிக் குவளை வைத்த இழிவும் நடந்திருக்கிறது. ஆதலால் தேநீரும் தானாகவே சமத்துவம் கொண்டு வந்துவிடாது. நாம்தான் கொண்டுவர வேண்டும். ஒரே பாத்திரம், ஒரேவிதக் கோப்பை, வந்த வரிசையில் உபசாரம் என்று வைத்துக்கொண்டால், கணக்கப்பிள்ளையும் கொழுந்துக்காரியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அருந்தலாம். நல்லதண்ணி மலைப்பாதையில் பௌத்தரும் இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் அப்படித்தான் அருந்துகிறார்கள்.

செய்வன திருந்தச் செய்க

தேநீர் விருந்து தரத் துணிந்தவர்கள் அதைச் செவ்வையாகத் தர வேண்டும். வாய்க்கு விளங்காத தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு எளிமையைப் பேசக் கூடாது. சில யோசனைகளைக் கூறுகிறோம்.

அழைப்பிதழிலேயே, “மாலை 4 மணி முதல் 6 மணி வரை தேநீர் விருந்து” என்று தெளிவாக அச்சிட்டுவிட வேண்டும். பசியோடு வந்து ஏமாறுவதால் பிறக்கும் கோபம் இதனால் தவிரும். முகூர்த்தத்தைக் காலையில் நெருங்கிய உறவினரோடு முடித்துக்கொள்ளலாம். சோற்று வேளையில் தேநீர் கொடுப்பது தவறு.

தேயிலையில் சிக்கனம் வேண்டாம். ஒன்றரைக் கிலோ தேயிலைதான் வேண்டுமாதலால் உயர்ந்த தரத்தையே வாங்கலாம். ஹட்டன், மஸ்கெலியாப் பகுதிகளில் ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட குளிர்காற்று வீசும் பருவத்தில் கிடைக்கும் தேயிலைக்கு மணம் அதிகம். நம் கல்யாண மாதமாகிய தையும் அப்போதுதான் வருகிறது!

தேயிலையைத் தண்ணீரோடு சேர்த்து நெடுநேரம் கொதிக்க விடலாகாது, கசப்பேறும். நூறு கோப்பைக்குக் கால் கிலோ தேயிலையைத் தளர்வான துணிப்பையில் கட்டி, அப்போதுதான் கொதித்த பதின்மூன்று லீற்றர் தண்ணீரில் இட்டு, மூடி, ஐந்து நிமிஷம் கழித்துப் பையை எடுத்துவிட வேண்டும். பாலைத் தனியே காய்ச்சிச் சூடாகச் சேர்க்கலாம். நூறு கோப்பைக்கு மூன்று லீற்றர் பாலும் ஒரு கிலோ சீனியும் காணும். முழுவதையும் ஒரே தடவையில் தயாரித்து வைக்காமல், கூட்டம் வர வர நூறு நூறாகத் தயாரித்தால் கடைசியில் வருகிறவருக்கும் முதல் கோப்பையின் சுவை கிடைக்கும். நீரிழிவு உள்ளோருக்குச் சீனி சேராததையும், குழந்தைகளுக்குப் பாலையும் தனியே வைக்க மறக்கலாகாது.

பலகாரம் மூன்று போதும்: இனிப்புக்குக் கேசரி அல்லது கேக், காரத்துக்கு உளுந்து வடை, அவற்றோடு ஒரு வாழைப்பழம். அயல்வீட்டுப் பெண்கள் நால்வர் கூடிச் சுட்டால் வடைக்குக் கூலியும் இல்லை. கல்யாணக் களையும் கூடும். மணமக்கள் தாமே தட்டை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவரிடமும் சென்று, பெயர் சொல்லி, முறை சொல்லி உபசரித்தால், மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைவிட ஆயிரம் மடங்கு அழகாக இருக்கும்.

இவ்விதம் மிச்சமாகும் பணத்துக்கு வேலை இல்லாமலா போகும்? லயத்து அறையின் கூரையை மாற்றலாம். தம்பியை உயர்தர வகுப்புக்குப் படிக்க வைக்கலாம். அடகு போன வளையலை மீட்கலாம். ஒன்றுமில்லாவிட்டாலும், மறுவாரமே தவணைப் பணத்துக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொள்ளும் நிலையேனும் வராது.

தேயிலைத் தண்ணீர் என்பதே தேத்தண்ணி ஆயிற்று. நல்ல தண்ணீரும் நல்ல இலையும் இம்மலைகள் தந்தவை. அவற்றோடு கூட்ட வேண்டிய நல்ல மனம் நம்முடையது. அடுத்த தையில், மலைநாட்டின் ஏதாவதொரு தோட்டத்தில், மகளைத் தாரை வார்த்துக் கொடுத்த ஒரு தாய், தன் கையால் பறித்த கொழுந்தின் தேநீரைத் தன் கையாலேயே நமக்கு ஊற்றித் தருவாளானால், அதை நாம் இரு கைகளாலும் வாங்கி அருந்துவோம். “வயிறு நிறைந்தது, தாயே” என்று சொல்லிவிட்டு வருவோம். அந்தச் சொல்லே அவளுக்கு நாம் எழுதும் பெரிய மொய்யாகும்.